தோட்ட மலரில் திசைகளுக்குப் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

மலர்க்குழு:
மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் நம் தோட்டத்து வரலாற்று மலருக்கு ஆங்கிலப் பக்கங்களும் சேர்க்கிறோம், தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக. எழுதிக் கொடுத்தவர் நார்த், சவுத் வருகிற இடமெல்லாம் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார். தோட்டம் பட்டணத்துக்கு நார்த்தில் இருக்கிறது, தாத்தா பாட்டிகள் சவுத் இந்தியாவிலிருந்து வந்தார்கள், பிறகு நார்த்திலிருந்தும் சில குடும்பங்கள் ரப்பர் பால் வெட்ட வந்தன. திருத்துகிறவர் மூன்றையும் சின்னதாக்கச் சொல்கிறார். எது சரி?

டியூஷன் டீச்சர்:
முதலாவது சின்ன எழுத்துதான், அதில் பேச்சே இல்லை. ஈப்போவிலிருந்து வடக்கே போனால் சுங்கை சிப்புட் என்று சொல்லும்போது எந்தப் பக்கம் என்று கைகாட்டுகிறோம், அவ்வளவுதான். சவுத் இந்தியா அப்படி இல்லை, அது ஓர் இடத்துக்கு வழங்கும் பெயர். பெயர் என்றால் பெரிய எழுத்து.

செம்பனைக்காரன்:
டீச்சர், யார் வைத்த பெயர்? நார்த்-சவுத் எக்ஸ்பிரஸ்வே, சவுத் கொரியா, வெஸ்ட் வெர்ஜீனியா இதெல்லாம் முறைப்படி வைத்த பெயர்கள், பெரிய எழுத்து போடலாம். சவுத் இந்தியா என்று ஒரு நாடும் இல்லை, மாநிலமும் இல்லை. ஆளாளுக்கு நினைத்ததையெல்லாம் பெயராக்கினால் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்துதான் நிற்கும்.

டியூஷன் டீச்சர்:
அப்படியானால் ஈஸ்ட் மலேசியாவை என்ன செய்வீர்கள்? அந்தப் பெயரில் மாநிலம் கிடையாது, சபாவும் சரவாக்கும்தான் உண்டு. இருந்தாலும் அதைச் சின்ன எழுத்தில் எழுதினால் யாருக்குமே கண்ணில் உறுத்தும். மிடில் ஈஸ்ட்டும் அப்படித்தான், எந்தெந்த நாடு அதில் சேரும் என்று இன்றைக்கும் ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அதன் பெரிய எழுத்தை யாரும் குறைக்கவில்லை. ஊர் உலகம் பெயராக வழங்கினால் போதும், அரசாங்க முத்திரை தேவையில்லை.

கெடா பேத்தி:
மூன்றாவது வாக்கியம் என் குடும்பத்தைப் பற்றியது, அதனால் சொல்கிறேன். கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்கள் சேர்ந்ததை நாங்கள் நார்த் என்றுதான் சொல்லி வளர்ந்தோம். ‘நார்த் ஆளுங்க’ என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அமெரிக்க உள்நாட்டுப் போரை எழுதும்போது அங்குள்ள நார்த்துக்கும் சவுத்துக்கும் பெரிய எழுத்து போடுகிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் கிடையாது?

செம்பனைக்காரன்:
தங்கச்சி, உங்கள் நார்த் எங்கே தொடங்குகிறது? 2007இல் அறிவித்த வட மண்டலப் பொருளாதாரத் திட்டத்தில் பேராக்கின் வடபகுதியையும் சேர்த்தார்கள், கோலகங்சார் மாவட்டமும் அதில் இருக்கிறது. சுங்கை சிப்புட் அந்த மாவட்டம்தான். அந்தக் கணக்குப்படி இந்தத் தோட்டமே நார்த், அப்புறம் நார்த்திலிருந்து நார்த்துக்கே குடும்பம் வந்ததாக ஆகிவிடும். இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை தன் சொந்த நாட்டின் நார்த்தையே சின்ன எழுத்தில்தான் போடுகிறது.

டியூஷன் டீச்சர்:
அது அவர்கள் வீட்டு வழக்கம். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் விதி வேறு: திசை என்றால் சின்னது, வட்டாரம் என்றால் பெரியது. மலர்க்குழு ஒரு விதியை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் முக்கியம். நார்தர்ன் பேராக் என்று வரும் இடத்தில் முதல் சொல்லைச் சின்னதாக வையுங்கள், அங்கே அது வெறும் அடைமொழி. நார்தர்ன் அயர்லாந்தில் அதே சொல் பெயரின் பாதி, அதனால் பெரியது. வழி சொல்லும் பக்கத்தில் ஈப்போ உத்தாரா (மலாயில் வடக்கு) டோலை ஈப்போ நார்த் என்று போட்டிருந்தால் அதுவும் பெரியதுதான், அது டோலின் பெயர்.

செம்பனைக்காரன்:
டோல் சரி. சவுத் இந்தியாவும் இருக்கட்டும், உலகமே அப்படி எழுதுகிறது. மூன்றாவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கெடா என்று நேராக எழுதுங்கள், படிக்கிற பேரப்பிள்ளைக்கும் எந்த ஊர் என்று தெரியும்.

கெடா பேத்தி:
எல்லாரும் கெடாவிலிருந்து வரவில்லை அண்ணே. பெர்லிஸ்காரர்களும் இருந்தார்கள், அவர்களை விட்டுவிட முடியாது.

மலர்க்குழு:
முதலாவது சின்னது, இரண்டாவது பெரியது, இவை முடிவாகிவிட்டன. மூன்றாவதற்கு, அந்தக் குடும்பங்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு இங்கேயே எழுதுங்கள். கிடைத்தால் ஊர்ப் பெயர்களையே போடுகிறோம். கிடைக்காவிட்டால் நார்த் பெரிய எழுத்தில் போகும்.

செம்பனைக்காரன்:
என் ஆட்சேபத்தையும் குறித்து வையுங்கள். பழைய லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்த பாட்டி ஒருவரிடம் நாளைக்கே கேட்கிறேன்.