ஹல்க் விசாரணைப் படத்தில் விசாரணை எங்கே?

பழைய டிவிடி:
1989-ல் அமெரிக்காவின் என்பிசி சேனலுக்காக எடுத்த 'தி ட்ரையல் ஆஃப் தி இன்க்ரெடிபிள் ஹல்க்' நேற்று ராத்திரி பார்த்தேன். பெயரே விசாரணை என்பதால் பச்சை ஆசாமி கோர்ட்டுக்குள் பெஞ்சைத் தூக்கி அடிப்பார் என்று ஆசையாக உட்கார்ந்தால், அந்தக் காட்சி வருகிறது, ஆனால் அது ஹல்க்காக மாறும் டாக்டர் பேனர் ஜெயிலில் காணும் கனவாம்! அந்தக் கனவிலேயே கோபம் ஏறி நிஜமாகவே ஹல்க்காகி ஜெயிலை உடைத்துக்கொண்டு போகிறார், அதற்கப்புறம் அடி வாங்கும் ஒரு வக்கீலைக் காப்பாற்ற ஒரு தடவை தலைகாட்டுவதோடு சரி. கிளைமாக்ஸில்கூட இல்லை. கறுப்புத் துணி கட்டிய வக்கீல்தான் எல்லாரையும் அடிக்கிறார். பெயரை வைத்து இப்படி ஏமாற்றலாமா?

மாடிவீட்டு மணி:
ஏமாற்றுதான் தம்பி, ஆனால் காரணம் இருக்கிறது. அந்த வக்கீல் மாட் மர்டாக், அதாவது டேர்டெவில் என்ற காமிக்ஸ் ஹீரோ. அவருக்குத் தனியாக ஒரு டிவி தொடர் ஆரம்பிக்கலாமா என்று பார்க்க விட்ட வெள்ளோட்டம்தான் இந்தப் படம். முந்தைய வருஷம் வந்த ஹல்க் டிவி படத்தில் தோர் என்ற இன்னொரு காமிக்ஸ் ஹீரோவை இறக்கிப் பார்த்தார்கள், அடுத்து இவர். ஹல்க் தொடர் 1982-லேயே முடிந்துவிட்டாலும் பெயருக்கு மவுசு இருந்தது, அந்தப் பெயரைச் சொல்லி ஆளைக் கூட்டி உட்காரவைத்துப் புது ஆளை அறிமுகப்படுத்துவது. கடைசியில் வில்லன் ஃபிஸ்க் தப்பித்துப் போகிறாரே, அது அடுத்த தொடருக்குப் போட்ட துண்டு. தொடர் வரவே இல்லை, துண்டு அப்படியே கிடக்கிறது.

சனிக்கிழமைக்காரன்:
வெள்ளோட்டமோ வேறோட்டமோ, படம் இழுவை. ஜான் ரைஸ்-டேவிஸ் மாதிரி ஒரு நடிகரை ஃபிஸ்க்காகப் போட்டுவிட்டு பாதி நேரம் டிவித் திரைகளுக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். சண்டையும் சுமார்தான். டிவி பட்ஜெட் என்று எவ்வளவுதான் மன்னிப்பது?

மாடிவீட்டு மணி:
சண்டை சுமார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டேர்டெவில் அடி வாங்கிக் கிடக்கும்போது பேனர் டாக்டராக மாறி மருந்து போடுகிற பகுதியைத் திரும்பப் பாருங்கள். ரெண்டு பேருக்குமே கதிரியக்கத்தால் வந்த வினை. ஒருவர் அதை மறைத்து ஊர் ஊராக ஓடுகிறார், இன்னொருவர் பார்வை போன பிறகும் அதை வைத்தே ராத்திரியில் தெருவில் இறங்குகிறார். பேனராக நடித்த பில் பிக்ஸ்பிதான் இயக்குநரும், அதனால்தானோ என்னவோ அந்தப் பேச்சுக் காட்சிகள் மட்டும் அவசரப்படாமல் நிற்கின்றன.

கதிரேசன்_காமிக்ஸ்:
டேர்டெவில் உடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே! காமிக்ஸில் வருகிற சிவப்பும் இல்லை, கொம்பும் இல்லை, கண்ணுக்கு ஓட்டைகூட இல்லாத கறுப்பு முகமூடி. பார்வையில்லாதவருக்கு எதற்கு ஓட்டை, சரிதானே? அப்போது காமிக்ஸ் ரசிகர்களுக்கு இது உறுத்தியிருக்கும். 2015-ல் நெட்ஃபிளிக்ஸின் டேர்டெவில் தொடரில் சார்லி காக்ஸ் முதலில் கட்டிக்கொண்டு வந்ததும் கிட்டத்தட்ட இதே கறுப்புதான், அப்போது எல்லாரும் ஆகா என்றார்கள். இந்தப் படத்தில் டேர்டெவிலாக நடித்த ரெக்ஸ் ஸ்மித் பாவம், இருபத்தாறு வருஷம் முந்திவிட்டார்.

பழைய டிவிடி:
மணி அண்ணே, சரி, டேர்டெவில் படம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்க்கிறேன். ஆனால் அந்தக் கனவுக் கோர்ட்டில் ஜூரி வரிசையில் ஒரு மீசைக்காரர் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாரே, எங்கேயோ பார்த்த முகம்?

கதிரேசன்_காமிக்ஸ்:
ஸ்டான் லீ! ஹல்க்கையும் டேர்டெவிலையும் காமிக்ஸில் உருவாக்கியவர்களில் ஒருவர்!