மறு: ரஸ்ட் கன்வெர்ட்டருக்குத் தமிழ்ச் சொல்: துருமாற்றியா, துருமுறியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

துருவின் மேல் தடவி அதை அடக்கும் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்ற மருந்தைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்று போன வாரம் நான் கேட்டதற்கு வந்த எல்லாப் பதில்களையும் படித்தேன், நன்றி. பதில் எழுதும் முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்த மருந்து என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பது தெரிந்தால்தான் சொல்லை எடைபோட முடியும்.

வண்டி அப்பாவுடையது. 1985-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. திருவான்மியூரில் கடலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, வேப்பமரத்தடியில் நிற்கிறது. இன்ஜின் இன்றைக்கும் ஒரே சாவியில் எழுந்துவிடும். பிரச்சினை உடம்பில்தான். போன மாதம் இடது முன்கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட் சுண்டைக்காய் அளவுக்குக் கொப்புளித்திருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது, விரல் உள்ளே போய்விட்டது. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வண்டித் தகடு வேலை செய்யும் டிங்கரிங் அண்ணன் வந்து முதலில் கேட்டது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம். கைக்குட்டையில் சுற்றி, கதவுகளின் அடிப்பக்கம், சக்கர வளைவு, டிக்கி ஓரம் என்று மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். மூன்று இடங்களில் காந்தம் பிடிக்கவே இல்லை. அங்கே தகடே கிடையாது, வெறும் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. பத்து வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் விட்டபோது, இற்றுப்போன தகட்டை வெட்டி எடுக்காமல் ஓட்டையில் துணியை அடைத்து, மேலே பட்டி இழுத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால் மூடிய இடத்தில் துரு இன்னும் வேகமாகவே தின்றிருக்கிறது.

கதவுக்கு ஏன் கீழ் ஓரம் முதலில் போகிறது என்று அவர் காட்டினார். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. அது வடிய அடியில் சின்னத் துளைகள் உண்டு. வேப்பம்பூவும் தூசியும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டன. தண்ணீர் உள்ளேயே தேங்கியது, கடற்காற்றின் உப்பு அதில் கரைந்தது. உப்புத்தண்ணீர் இருந்தால் இரும்பு ஆக்சிஜனோடு சேர்வது வேகமாகிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் மேலே எழும்புகிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். பட்டறையில் துருவை மூன்றாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். தடவினால் கையில் செம்பொடி ஒட்டுவது "துரு ஏறியிருக்கு". ஏடு ஏடாக உரிவது "பொருக்கு". குத்தினால் ஓட்டை விழுவது "இற்றுப்போச்சு". இந்த மூன்றையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: மேல்துரு, பொருக்குத்துரு, இற்றல். புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

இதில் மேல்துருவுக்குத்தான் நாம் பெயர் தேடும் மருந்து. பொருக்கைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் கழித்தே ஆக வேண்டும். இற்ற இடத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் கனமுள்ள தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். தேய்த்த பிறகும் குழிகளில் தங்கிவிடும் துருவின் மேல்தான் இந்த மருந்தைத் தடவுகிறோம். செந்நிறம் கண் முன்னே கருநீலமாகி, பிறகு கறுப்பாகிவிடுகிறது. பல மருந்துகளில் டானிக் அமிலம் இருக்கிறது. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் ஊறப்போட்டால் கறுக்கிறதே, கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டால் மையாகிறதே, அதே வேதியியல்தான். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த மருந்துகளும் உண்டு, அவை துருவை இரும்பு பாஸ்பேட்டாக ஆக்குகின்றன. எதுவானாலும் துரு அங்கேயேதான் இருக்கிறது. அதன் குணம்தான் மாறுகிறது. காய்ந்த பிறகு மேலே பிரைமர் என்ற அடிப்பூச்சும் பெயின்ட்டும் வந்தாக வேண்டும்.

> துருநீக்கி என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே, அதுவே போதாதா?

போதாது, ஐயா. நீக்கி என்றால் எடுத்துவிடுவது. புளிக்கரைசலிலும் வினிகரிலும் ஊறவைத்துத் துருவைக் கரைத்து எடுக்கிறோமே, அதற்கு அந்தச் சொல் வேண்டும். என் தம்பியிடம் இந்த டப்பாவைக் கொடுத்து "துருநீக்கி, தடவு" என்று சொல்லிவிட்டுப் போனேன். தடவினான், பத்து நிமிடம் விட்டான், பிறகு பக்கெட் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டான். நீக்கி என்றால் கழுவத்தானே வேண்டும்? அவன்மேல் தவறில்லை, நான் சொன்ன சொல்தான் தவறு. மறுநாள் காலையில் கதவின் அடி முழுக்கப் புதுத் துரு படர்ந்திருந்தது.

> துருமாற்றி என்றால் நேரடியாகப் பொருந்துகிறது. மின்மாற்றி போல.

பொருள் சரிதான். ஆனால் பட்டறையில் 'மாற்று' என்றால் பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவது. கண்ணாடியை மாற்று, பம்பரை மாற்று. "துரு மாற்றி" என்று பிரித்து எழுதினால் அது வினையெச்சமாகவும் படிக்கப்படும். "துருநிலைமாற்றி" என்ற திருத்தம் பாடநூலுக்குச் சரிவரலாம். எண்ணெய்க் கையோடு நிற்பவர் கூப்பிட நீளம் அதிகம்.

நான் முதலில் பரிந்துரைத்தது "துருக்கட்டு". சித்தர் மரபில் பாதரசத்தை ஓடவிடாமல் கட்டுவதை இரசக்கட்டு என்பார்கள். பொருள் அங்கேயே இருக்கும், ஓட்டம் நின்றுவிடும். அந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒரே வரியில் அதை முடித்துவைத்தார்:

> எங்கட ஊரில கறள் கட்டுறது எண்டால் துருப்பிடிக்கிறது. உங்கட மருந்து துருவைப் பிடிக்க வைக்கிற மருந்தாப் போயிடும்.

அவர் சொல்வது முழுக்கச் சரி. இங்கேயும் பாசி கட்டுவது, சீழ் கட்டுவது எல்லாம் உண்டாவதைத்தான் குறிக்கும். துருக்கட்டை விட்டுவிடுகிறேன்.

மிஞ்சுவது "துருமுறி". குழுவில் இதை முன்வைத்த அம்மா விளக்கம் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நஞ்சுமுறி நஞ்சை உடம்பிலிருந்து உருவி எடுக்க வேண்டியதில்லை, அதன் வேகத்தை முறித்தால் போதும். இந்த மருந்தும் துருவுக்கு அதைத்தான் செய்கிறது. முறித்தபின் கழுவத் தோன்றாது. ஓட்டையை அடைக்கும் என்றும் யாரும் எண்ண மாட்டார்கள். வினையாகவும் இயல்பாக வருகிறது: "இந்த இடத்தை முறிச்சாச்சு, பிரைமர் அடிக்கலாம்." கறுத்து நிற்கும் படலத்தை 'முறிதுரு' எனலாம். அருகருகே வைத்தால் மூன்றும் குழம்பாமல் நிற்கின்றன: வருமுன் காப்பது துருத்தடுப்பி, எடுப்பது துருநீக்கி, இருந்த இடத்திலேயே அடக்குவது துருமுறி.

> முறி என்றால் ஒடிப்பது, எலும்பு முறிவு போல. தகடு முறியும் என்று எண்ணமாட்டார்களா?

முறிவது எது என்பதை முன்னால் நிற்கும் சொல் காட்டிவிடுகிறது. நஞ்சுமுறியைக் கேட்டு யாரும் எலும்பை நினைப்பதில்லை. நேற்று டிங்கரிங் அண்ணனிடம் எந்த விளக்கமும் சொல்லாமல் "துருமுறி இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு நொடி யோசித்தார். "அந்தக் கறுப்பாக்குற மருந்துதானே? அரை டப்பா இருக்கு" என்றார்.

ஆகவே என் வாக்கு துருமுறிக்கு. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பத்மினிக்கு அடியில் தனிச் சட்டம் (சேசிஸ்) கிடையாது, உடம்பே பாரத்தைத் தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு இற்றால் வண்டியே நடுவில் தொய்ந்துவிடும். அதைப் பட்டறையில் 'சில்' என்கிறார்கள். வீட்டு வாசலில் நாம் மிதிக்காமல் தாண்டும் கட்டைக்கு நிலைப்படி என்று பெயர் இருக்கிறதே, அதையே இதற்கும் வைத்தால் என்ன? சனிக்கிழமை இடது பக்க நிலைப்படியைத் திறக்கிறோம். கதவு வாசல் விலகாமலிருக்க முதலில் உள்ளே குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்துவிட்டுத்தான் டிங்கரிங் அண்ணன் வெட்டப் போகிறார். உள்ளே எவ்வளவு தகடு மிஞ்சியிருக்கிறது என்று படத்தோடு எழுதுகிறேன்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து