கலைச்சொல் விவாதம்: ‘ஜோடிப் பிரிவு’ சரியா?

வணக்கம் நண்பர்களே,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறு கணினிகள் உள்ள ஒரு சின்ன அலுவலகத்தின் கேபிள் வேலையைப் பார்க்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வேலை பழக வரும் பையன்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். நெட்வொர்க் விட்டுவிட்டு வந்தால் இங்கே எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: ‘லூஸ் கனெக்‌ஷன்’. உடனே பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுவார்கள். கிளிப் உடைந்த பிளக் என்றால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நான் பெயர் கேட்பது வேறொரு பழுதுக்கு.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சிக்னல் எதிரெதிராக ஓடும். வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். முறுக்கு இருப்பதே இதற்காக. கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 பிளக்கில் எட்டு இடங்கள்; அவற்றை 1 முதல் 8 வரை எண்ணினால் 1-2, 3-6, 4-5, 7-8 என ஜோடிகள் உட்கார வேண்டும். புதிதாகக் கிரிம்ப் செய்பவர் (கம்பிகளைப் பிளக்கில் நுழைத்து அழுத்திப் பொருத்துபவர்; நாங்கள் ‘அடிப்பது’ என்போம்), பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று, 1-2, 3-4, 5-6, 7-8 என நிறங்களை அடுக்கிவிடுவார். இரு முனையிலும் அப்படியே அடித்தால், கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். எரியாமல் என்ன செய்யும்? மலிவான டெஸ்டர், கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. 3-உம் 6-உம் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்தவை என்பது அதற்குத் தெரியாது. கோலாட்டத்தில் ஜோடி மாறி நின்றாலும் கோல் தட்டுகிற சத்தம் கேட்கத்தானே செய்யும்! ஆனால் முறுக்கு தவறியதால் ஒரு சிக்னல் இன்னொன்றில் தொற்றும். குட்டைக் கேபிளில் ஒருவேளை தெரியாமலே ஓடிவிடும். நீளம் கூடினால், அல்லது வேகம் கூடினால், கோப்பு பாதியில் நிற்கும், பிரிண்டர் காணாமல் போகும்.

இதற்கு ‘ஜோடிப் பிரிவு’ என்று வைக்கலாமா?

— சுங்கை சிப்புட்

தம்பிக்கு வணக்கம். ‘ஜோடி’ எதற்கு? ‘இணை’ இருக்கிறதே. இணைபிரியாத நண்பர்கள் என்று சொல்கிறோம் அல்லவா. ‘இணைபிரிவு’ என்றால் போதும்.

— பினாங்கு

பினாங்கு ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘இணையம் வரும் இணைப்பில் இணைபிரிவு’ என்று எழுதிக் கொடுத்தால் என்னிடம் வேலை பழகுபவன் மறுநாள் வரமாட்டான். ‘ஜோடி’ எல்லார் வாயிலும் இருக்கிறது, அது இருக்கட்டும்.

சுங்கை சிப்புட் அண்ணா, எனக்கு இடறுவது ‘பிரிவு’. பிளக் அடிக்க முறுக்கை அவிழ்ப்பதையும் ‘ஜோடியைப் பிரி’ என்றுதான் சொல்கிறோம். 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதே என்பது தனி விதி. அதை மீறுவதும் நீங்கள் சொல்லும் பழுதும் ஒன்றல்ல. ‘ஜோடி மாற்றம்’ எப்படி?

— கூலிம்

கூலிம் தம்பி சொல்வது சரி, ‘பிரிவு’ முறுக்கு அவிழ்ப்பதற்கே போகட்டும். ஆனால் ‘மாற்றம்’ என்பதற்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. நிறங்களை அடுக்க 568-ஏ, 568-பி என்று இரண்டு வரிசைகள் உண்டு; ஒரு முனையில் 568-ஏ, மறுமுனையில் 568-பி அடித்தால் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். ஜோடி முழுசாகவே மாறுவதால் அது பழுதே இல்லை; முன்பெல்லாம் இரண்டு கணினிகளை நேராகச் சேர்க்க வேண்டுமென்றே அப்படி அடிப்போம். ‘ஜோடி மாற்றம்’ அதற்குத்தான் பொருந்தும்.

நம் பழுதில் ஒரு ஜோடியின் கம்பி இன்னொரு ஜோடியின் இடத்தில் கலந்து கிடக்கிறது. அதனால் ‘ஜோடிக் கலப்பு’ என்கிறேன். “டெஸ்டர் ஓகே, ஆனா ஜோடி கலந்திருக்கு” என்று போனிலும் சொல்லிவிடலாம். எனக்கு அதுதான் முக்கியம். பினாங்கு ஐயாவுக்கு ‘ஜ’ உறுத்தினால் ‘சோடி’ என்று எழுதட்டும், எனக்கு வழக்கில்லை.

குறிப்பில் இப்படிப் போடுகிறேன்:

“ஜோடிக் கலப்பு: டெஸ்டரில் எல்லாம் சரியாகக் காட்டியும் நெட்வொர்க் தடுமாறினால் பிளக்கின் நிற வரிசையைக் கண்ணால் பார். கிளிப் கீழே, கம்பி நுழையும் பக்கம் உன்னை நோக்கி இருக்கட்டும். 568-பி வரிசையில் இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரு முனையும் வெட்டு, புதுப் பிளக் அடி. வெளி உறையும் பிளக்குக்குள் கவ்வியிருக்க வேண்டும். கம்பிகள் மட்டும் தொங்கினால் இழுக்க இழுக்க விடும்.”

செம்பு பூசிய அலுமினியக் கேபிளைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும்; மடக்கி நிமிர்த்தினால் சீக்கிரம் முறியும், விலை குறைவென்று கடையில் அதையே எடுத்து நீட்டுவார்கள். அப்புறம் இன்னொரு சொல்லும் தேவை. சுவருக்குள் போகும் கேபிளில் ஒவ்வொன்றும் ஒரே கெட்டிக் கம்பி; மேசைக் கேபிளில் ஒவ்வொன்றும் மெல்லிய இழைகளின் கட்டு. பிளக்கும் அதற்கேற்ப வேறு. ‘கெட்டிக்கம்பி’, ‘இழைக்கம்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

— சுங்கை சிப்புட்