கலைச்சொல்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு 'உறைவெதிரி' வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இங்கே பலருக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். நாங்கள் கையில் கொடுக்கும் அறிக்கையோ ஆங்கிலம்.

மனைவியின் அறிக்கையோடு ஒருவர் வந்தார். மனைவிக்கு மூன்று முறை கரு அலசிப்போயிருக்கிறது. (எங்கள் பக்கத்துப் பேச்சு இது, மலையாளத்திலும் இதே வினைதான். கருக்கலைப்பு என்று எழுதினால் யாரோ கலைத்ததாகிவிடும்.) ரத்தத்தில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்ப்பொருள் (கிருமிகளைத் தாக்க உடல் உண்டாக்கும் புரத வகை, ஆங்கிலத்தில் ஆன்டிபாடி) இருப்பதாக முடிவு. அதை யாரோ 'உறைவெதிரி' என்று தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "ரத்தம் உறையாது என்றுதானே இதற்குப் பொருள்? பிறகு உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இந்த எதிர்ப்பொருளை 1952ஆம் ஆண்டு லூபஸ் (உடலின் தற்காப்பே உடலைத் தாக்கும் நோய்) நோயாளிகளின் ரத்தத்தில் விவரித்தார்கள். சோதனைக் குழாயில் உறைதலுக்குத் தேவையான பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளை இது மறித்துக்கொள்வதால் ரத்தம் உறையத் தாமதமாகிறது. பெயர் அதிலிருந்து வந்தது. உடலுக்குள் நடப்பது நேர்மாறு. காலின் ஆழ்சிரையில், மூளையின் தமனியில், எங்கு வேண்டுமானாலும் ரத்தம் உறையலாம். இது உள்ள பலருக்கு லூபஸ் நோயும் கிடையாது. ஆக, பெயரின் இரண்டு பாதியும் பொய். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொய்யையும் சேர்த்தே தமிழாக்குகிறோம்.

ஆன்டிபாடிக்குப் புழங்கும் 'பிறபொருளெதிரி' என்ற சொல்லும் இங்கே உதவாது. இந்த எதிர்ப்பொருள் தாக்குவது பிறபொருளை அல்ல, பாஸ்போலிப்பிடில் ஒட்டியிருக்கும் நம் சொந்தப் புரதங்களை. என் பரிந்துரை: உறைதூண்டு தன்னெதிரி. பாலுக்கு உறை ஊற்றுகிற வீட்டில் 'உறை'யை விளக்க வேண்டியதில்லை.

*

தம்பி,

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடம் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தவள். 'உறைதூண்டு' சரி. 'தன்னெதிரி'யை எடுத்துவிடுங்கள். மூன்று கருவை இழந்தவளிடம் அந்தத் தாளைக் கொடுத்தால், தனக்குத் தானே எதிரி என்று படிப்பாள். மாமியார் அதற்கு முன்பே படித்திருப்பாள்.

இன்னொன்று. கரு நிற்காததற்கு உறைகட்டி மட்டும் காரணமில்லை. இந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியின் செல்களிலேயே ஒட்டி, அது வேர்பிடிப்பதைக் கெடுக்கிறது. சிலருக்குக் கரு தங்கினாலும் 34 வாரத்துக்கு முன்பே ரத்த அழுத்தம் கடுமையாக ஏறிப் பிரசவத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டியதாகும். உங்கள் சொல்லில் இவை அடங்கவில்லையே?

*

அக்கா,

அடங்கவில்லைதான். ஒரே சொல்லில் அத்தனையையும் திணித்தால் அது சொல்லாக இராது, நோயாளிக்கான துண்டுப்பிரசுரமாகிவிடும். ஆனால் 'தன்னெதிரி' குறித்து ஒரு கேள்வி. நஞ்சுக்கொடியில் நஞ்சு இருக்கிறதென்று எந்தத் தாயும் பயந்ததில்லையே? புழங்கப் புழங்கப் பொருள் தேய்ந்துவிடாதா?

*

தம்பி, நஞ்சுக்கொடி அவள் பாட்டி வாயிலிருந்து கேட்ட சொல். இதை முதல்முறையாக உங்கள் கூடத்துச் சன்னலில் நின்று, தனியாகப் படிக்கப்போகிறாள்.

*

சரி, அக்கா. திருத்திக்கொள்கிறேன். அறிக்கையில் ஆங்கிலப் பெயர் இருக்கட்டும். மருத்துவர் அதைத்தான் தேடுவார். நோயாளிக்கான தாளில் 'உறைதூண்டு எதிர்ப்பொருள்' என்று எழுதி, கீழே இவற்றைச் சேர்க்கிறேன்: ஒருமுறை தென்பட்டால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை. உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும், ஹெப்பாரின் போகாது. கருத்தடை மாத்திரை வாங்கும் முன்பும் கேட்க வேண்டும், ஈஸ்ட்ரோஜன் உறைதலைக் கூட்டும்.

'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து' என்ற வழக்கையும் மாற்ற ஆசை. ஹெப்பாரின் ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை, உறைவதைத்தான் தடுக்கிறது. 'உறைதடுப்பு மருந்து' என்று போடலாமா?

*

போடுங்கள். 'ஊசியைத் தானாக நிறுத்தக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் தொடரும்' என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். குழந்தை பிறந்தவுடன் ஊசியை மறந்துவிடுகிறார்கள்.