குதிக்கால் வெடிப்புக்கு என்ன செய்யலாம்?

வயல்காரி, ஒட்டுசுட்டான்

சிரிக்காதேங்கோ, காலைப் பற்றித்தான் கேக்கப்போறன். குதிக்கால் ரெண்டும் வெடிச்சுப் பிளந்துபோய்க் கிடக்கு. இரவில போர்வை நூல் கொழுவி இழுக்குது. போன கிழமை ஒரு கலியாண வீட்டில செருப்பைக் கழட்ட வெக்கமாய் இருந்திச்சு. சாறியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நிண்டன்.

விடிய நாலரைக்கு எழும்பினால் பிள்ளையளின்ர சாப்பாடு, மாட்டுக்குத் தண்ணி, பிறகு வயல். காலபோகம் எண்டபடியால் சேத்துக்குள்ளதான் சீவியம். எங்கட கிணத்துத் தண்ணியும் கல்லுத் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாய்ப் படியும். கடையில கிறீம் வாங்கி மூண்டு நாள் பூசினன், நாலாம் நாள் மறந்துபோனன். உண்மையைச் சொன்னால், மறக்கேல்லை. நான் கதவடியில இருந்து காலைத் தேய்க்க, மாமி ஒண்டும் சொல்லாமல் விளக்குமாத்தை எடுத்து முத்தம் கூட்டத் தொடங்கினா. அதோட எழும்பிட்டன்.

மாங்குளத்து அன்ரி

பிள்ளை, கிறீமில பிழையில்லை. காய்ஞ்ச தோலுக்கு மேல பூசினால் என்னெண்டு இறங்கும்? இரவு அடுப்பு அணையமுதல் ஒரு சட்டி தண்ணி வை. இளஞ்சூடாய் எடுத்து, ஒரு பிடி உப்புப் போட்டு, பத்து நிமிசம் காலை ஊற விடு. பிறகு கிணத்தடியில கிடக்கிற சொரசொரப்பான கல்லால மெல்லமாய்த் தேய். கத்தி, பிளேட் எடுக்காதை. ஈரம் ஒத்தி எடுத்தவுடன தேங்காயெண்ணெய் பூசி, பழைய சொக்ஸ் ஒண்டைப் போட்டுக்கொண்டு படு. நான் எண்ணெய்க்குள்ள மெழுகுதிரித் துண்டு ஒண்டை உருக்கி ஆறவைச்சு, பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள வைச்சிருக்கிறன். வெண்ணெய் மாதிரி இறுகி நிக்கும், சீலையில வழியாது.

சண்டை முடிஞ்சு 2010இல ஊருக்குத் திரும்பி வந்து பத்தை வெட்டேக்க எனக்கும் இந்தக் கால்தான். முள்ளு எது, வெடிப்பு எது எண்டு தெரியாது. அப்ப பக்கத்து வளவு ஆச்சி ஒராள் இரவில கூப்பிட்டு வைச்சு எண்ணெய் தடவி விடுவா. வேலை சொல்ல மாட்டா, ஊர்க்கதைதான்.

ஒண்டு கேக்கிறன், உன்ர மாமியின்ர காலை எப்பவாவது பார்த்தனியோ?

கிளினிக் தாதி

அன்ரி சொன்னதோட ரெண்டு விசயம். சீனி வருத்தம் உள்ளவை சுடுதண்ணிக்குள்ள கால் வைக்கக்கூடாது, சூடு தெரியாமல் வெந்துபோகும். சிவந்து வீங்கினால், சீழ் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் கிளினிக்குக்கு வாங்கோ.

மற்றது எலிக்காய்ச்சல். வயல் தண்ணியில எலிச் சலம் கலந்திருந்தால் இப்படியான வெடிப்புக்குள்ளால கிருமி ஏறும். 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில ஆக்கள் செத்ததை மறந்திடாதேங்கோ. வயலுக்கு இறங்குற காலத்தில கிழமைக்கொருக்காப் போடுற டொக்சிசைக்கிளின் குளிசையைப் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாரிட்ட கேளுங்கோ, காசில்லை. வயித்தில பிள்ளையோட இருக்கிறவை டொக்டரைக் கேக்காமல் போடவேண்டாம். காய்ச்சலோட கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு வந்தால் பனடோலோட படுத்திருக்கிறேல்லை.

குளக்கட்டு

நான் ஆம்பிளை. வெடிப்புக்குள்ள அஞ்சு ரூபாக் குத்திக்காசு நிக்கும். சொக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் மனுசி சிரிக்கிறா, ஆனாலும் ரெண்டு கிழமையில பாதி மாறீட்டுது.

வயல்காரி, ஒட்டுசுட்டான்

எல்லாருக்கும் நன்றி. குளிசைக்குச் சொல்லியாச்சு.

அன்ரி, நீங்கள் கேட்டபிறகுதான் பார்த்தன். என்ர கால் பரவாயில்லை. மாமியின்ர குதி, தண்ணி வத்தின குளம் மாதிரி. மாமிக்குச் சீனி இல்லை, போன மாதம்தான் பார்த்தது. நேற்றிரவு பெரிய பேசினில தண்ணி வைச்சு, முழங்கையால சூடு பார்த்து, "மாமி, நீங்களும் வையுங்கோ" எண்டன். "எனக்கென்ன, கலியாணமே?" எண்டா. பிறகு வந்து கதிரையை இழுத்துப் போட்டா. பத்து நிமிசம் முடிஞ்சு நான் எழும்ப வெளிக்கிட, "இரு, தண்ணி ஆறீட்டுது, இன்னும் கொஞ்சம் விடு" எண்டா.