பிள்ளையை இறுக்கிப் பிடிக்கிற அம்மாவுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒரு உதவி வேண்டும்.

போன கிழமை வீட்டாரைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை அம்மாவைப் பற்றி ‘ஸ்ட்ரிக்ட்’ என்று எழுதி, வெட்டி, திரும்பவும் அதையே எழுதியிருந்தாள். “இது சரியா வரல்ல டீச்சர், வேற சொல் இருக்கா?” என்றாள். கூட்டாளிமார் போன் எடுத்தால் அம்மாதான் பேசுவாராம். கலைப்பிரிவு படிக்க ஆசைப்பட்டவளை வணிகத்தில் சேர்த்ததும் அவர்தான்.

ஸ்ட்ரிக்ட் வெறும் கண்டிப்பு, அதில் பிழையில்லை. ஓவர்ப்ரொடெக்டிவ் என்றால் பயத்தில் பொத்திப் பொத்தி வளர்ப்பது. ஹெலிகொப்டர் பேரன்ட் தலைக்கு மேலேயே சுற்றுகிறவர். ஓதரிட்டேரியன் என்றால் சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும் என்கிறவர்; உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பிரித்த பிள்ளை வளர்ப்பு வகைகளில் ஒன்று. பதினெட்டு வயதுப் பிள்ளையின் கட்டுரைக்கு அது பாடப்புத்தக வாசம் அடிக்கிறது.

மிஞ்சுவது ஓவர்பேரிங் (எல்லாவற்றிலும் தன் விருப்பத்தைத் திணிக்கிறவர்), டொமினியரிங் (அடக்கி ஆள்கிறவர்). இரண்டாவது என் காதுக்குக் கடுமையாகப் படுகிறது. “அம்மா பாவம், கெட்டவ இல்ல” என்று அவளே சொன்னாள்.

வெளிநாட்டில் ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் சொல்லுங்க: அன்பும் தெரிய வேண்டும், மூச்சுமுட்டுவதும் தெரிய வேண்டும். எது பொருந்தும்? வியாழக்கிழமை அவளுக்கு வகுப்பு.