சமத்துவம் பேசின புரட்சி ஏன் ஒரே ஆள் கையில் போய் நிற்குது?

பாலக்கோட்டான்:
தருமபுரி வாசகர் வட்டத்தில் வர்ற ஞாயிறு இதுதான் பேச்சு. "தலைவர் கெட்டவர், அதனால் கெட்டுது"ன்னு ஒரே வரியில் முடிச்சிடறாங்க. அதிகாரம் எந்த இடத்தில் கைமாறுச்சு, பிரச்சாரம் எப்படி வேலை செஞ்சுதுன்னு ஆண்டோட, கணக்கோட சொல்ல முடியுமா?

ஊத்தங்கரை வாசகி:
ஸ்டாலினிலிருந்து தொடங்காதீங்க, ரஷ்யாவில் 1917லிருந்து தொடங்குங்க. லெனினோட போல்ஷெவிக் கட்சி ஆட்சியைப் பிடிச்ச சில நாளிலேயே எதிர்ப் பத்திரிகைகளை மூட ஆணை வந்துச்சு. நிலைமை சீரானதும் விலக்கிடுவோம்னு அதிலேயே எழுதியிருந்தாங்க, விலக்கவே இல்லை. டிசம்பரில் செக்கா ரகசிய போலீஸ். அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்குச் சுமார் கால்வாசி ஓட்டுதான். 1918 ஜனவரியில் கூடின சபையை ஒரே நாளில் கலைச்சாங்க. 1921 மார்ச்சில் க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகள் சோவியத்துகளுக்கு (தொழிலாளர், சிப்பாய் மன்றங்களுக்கு) ரகசிய வாக்கெடுப்போட மறுதேர்தல் கேட்டாங்க, பட்டாளம் போய் அடக்குச்சு. அதே மாசம் கட்சியோட பத்தாவது மாநாட்டில் கட்சிக்குள்ள கோஷ்டி சேரத் தடை.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான், 1922 ஏப்ரலில், ஸ்டாலின் பொதுச்செயலாளர். பலருக்கு அது வெறும் காகித வேலையாத் தெரிஞ்சுது. ஆனா மாகாணச் செயலாளர்களைப் போடறது அந்த ஆபீஸ். மாநாட்டுக்கு யார் வரணும்னு பார்த்துக்கறது அந்தச் செயலாளர்கள். வந்தவங்க ஓட்டில்தான் கட்சியை நடத்தற மத்தியக் குழு. எதிர்த்து ஆள் சேர்த்தா 1921 தடை பாயும்.

காவேரிப்பட்டணம் நெல்வயல்:
பிரச்சாரத்துக்குச் சீனாவை எடுங்க. 1958 ஆகஸ்டில் மாச்செங் வட்டாரத்தில் ஒரு மூ நிலத்தில் 36,900 ஜின் நெல்லுக்கு மேல விளைஞ்சதா கட்சிப் பத்திரிகை போட்டுச்சு. ஆறு மூ ஒரு ஏக்கர், ஜின் அரைக் கிலோ. ஏக்கருக்கு 110 டன்! 75 கிலோ மூட்டையில் 1,400க்கு மேல. கேஆர்பி அணைப் பாசனத்தில் நல்ல போகத்திலேயே 35 மூட்டை வந்தா பெரிசு. கூட்டத்தில் இந்தக் கணக்கை விவசாயிகளையே போடச் சொல்லுங்க.

செஞ்சது இதுதான்: பல வயல்ல முத்தின பயிரை வேரோட பிடுங்கி ஒரே வயல்ல நெருக்கி நட்டாங்க. கதிர் மேல குழந்தைகளை நிறுத்திப் படமும் எடுத்தாங்க. அதோட நின்னிருந்தா பத்திரிகைப் பொய். அந்த மாதிரிக் கணக்கை வெச்சுத்தான் அரசு கொள்முதல் அளவை ஏத்துச்சு. தானியம் வரலைன்னதும் விவசாயி பதுக்கிட்டான்னு வீடு வீடாச் சோதனை. 1959ல் லூஷானில் நடந்த கட்சித் தலைவர்கள் கூட்டத்தில் குறை சொல்லிக் கடிதம் எழுதின பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய்க்குப் பதவி போச்சு. அதுக்கப்புறம் கீழே எந்த அதிகாரி உண்மைக் கணக்கை அனுப்புவான்? இப்படி வந்த பஞ்சத்தில் செத்தவங்க எண்ணிக்கையை ஆய்வாளர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை சொல்றாங்க.

பென்னாகரம் தோழர்:
உள்நாட்டுப் போர், அந்நியப் படையெடுப்பு நடுவில் வேற வழி இருந்துச்சா?

ஊத்தங்கரை வாசகி:
தோழர், போர் நெருக்கடி நிஜம்தான். ஆனா பத்திரிகை ஆணை வந்தது பெரும்போர் மூளறதுக்கு முன்னாடி. போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப்படைகளில் கடைசிப் பெரிய படையான ராங்கல் படை கிரிமியாவை விட்டு ஓடினது 1920 நவம்பர். கோஷ்டித் தடை 1921 மார்ச். இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்க.